35க்குப் பிறகு முதற்பிள்ளை: தாய்க்கு இரவில் நாலு மணித்தியாலம்

விடாமல் நாலு மணித்தியாலம் நித்திரை கிடைக்க, இரவு எட்டரைக்கே தாய் படுக்க வேண்டும். வீட்டில் வேலை கிடந்தாலும், பார்க்க ஆட்கள் வந்திருந்தாலும்.

ஆழ்ந்த நித்திரை கூடுதலாக வருவது படுத்த முதல் சில மணித்தியாலங்களில்தான். அதுவும் வயதோடு மெல்லக் குறைந்துகொண்டே போகும். 38 வயதில் கிடைப்பது 22 வயதில் கிடைத்த அளவு இல்லை. பெரியவர்களின் நித்திரைச் சுற்று ஒன்று ஏறத்தாழ 90 நிமிடம். பச்சைப்பிள்ளை 2, 3 மணித்தியாலத்துக்கு ஒருக்கால் எழும்பும். பால் கொடுத்து, ஏவறை எடுத்து, துணி மாற்றித் திரும்பப் படுக்க முக்கால் மணித்தியாலம் போய்விடும். இப்படித் துண்டு துண்டாக ஏழு மணித்தியாலம் சேர்ந்தாலும் உடம்பு தேறாது. பிள்ளைக்கு இரவு பகல் பிடிபட 2, 3 மாதம் செல்லும்.

முதல் 4 முதல் 6 கிழமை வரை இரவுப் பாலைத் தவறவிட வேண்டாம். சுரப்பு குறையும், மார்பில் பால் கட்டும். பிறகு எட்டரைக்குப் பால் கொடுத்துவிட்டு மற்ற அறையில் படுக்கலாம். பதினொரு மணிக்குப் பிள்ளை எழும்பினால், எடுத்து வைத்த தாய்ப்பாலைச் சின்னக் கோப்பையால் தகப்பன் பருக்கட்டும். கொழும்பு வெக்கையில் அந்தப் பாலை வெளியே வைக்கக் கூடாது. எடுத்தவுடன் பிரிட்ஜின் உட்பக்கத்தில் வைத்தால் 4 நாள் வரை இருக்கும்; கதவுத் தட்டில் வேண்டாம். சுடுதண்ணிப் பாத்திரத்துக்குள் வைத்து இளஞ்சூடாக்குங்கள், அடுப்பிலோ மைக்ரோவேவிலோ அல்ல.

முறை பிரிப்பதில்தான் அநேகமான வீடுகள் பிசகுகின்றன. 39 வயதில் பெற்றவளின் அம்மா பெரும்பாலும் எழுபதை நெருங்கியிருப்பா. அவவை நடுச்சாமத்தில் எழுப்பி, அரைக்கண்ணோடு பிள்ளையைத் தூக்கி நடக்க விடுவது இருவருக்கும் ஆபத்து. நடுச்சாமம் தகப்பனுடையது. அம்மம்மா எப்படியும் விடிய ஐந்துக்கு எழும்புகிறவ; 5 முதல் 7 வரை அவ பார்க்கட்டும், தாய் இன்னொரு சுற்று நித்திரை கொள்ளலாம். 31ஆம் நாள் துடக்குக் கழிவு முடிய உதவிக்கு வந்த சனம் ஊருக்கு பஸ் ஏறிவிடும். அதற்கு முதலே இந்த முறையைப் பேசி வையுங்கள்.

சோபாவில் இருந்தபடி பால் கொடுத்து அப்படியே கண்ணயர்வதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. பிள்ளை இடுக்கில் சரிந்து மூச்சடைக்கலாம். கண் சொக்கினால் பிள்ளையை உடனே அதன் தொட்டிலில் மல்லாக்கக் கிடத்துங்கள். மங்கலான மஞ்சள் பல்ப் போதும்; போன் கட்டிலுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

பிள்ளை நித்திரையாய் இருக்கும்போதும் தாய்க்கு நித்திரை வரவில்லையா? அதை வெறும் களைப்பென்று விடாதீர்கள். நெஞ்சுப் படபடப்பும் கை நடுக்கமும் சேர்ந்திருந்தால் தைரொய்ட் பார்க்க வேண்டும். படுத்தவுடன் கால் குறுகுறுத்து ஆட்டச் சொன்னால் இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் கேளுங்கள். சிசேரியனில் இரத்தம் கூடப் போனவர்கள் கட்டாயம். மனம் இருண்டு கிடந்தால் வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லலாம். பிள்ளை பெற்ற தாயின் மனச்சோர்வை அறியும் எடின்பரோ படிவத்தில் பத்தே கேள்விகள், கடந்த 7 நாளைப் பற்றியவை. கணவரோ மாமியோ பக்கத்தில் இல்லாத நேரம் நிரப்புங்கள்.