ஏன் எப்போதும் நெகட்டிவ் ரத்தத்துக்கே இந்த அலைச்சல்?

"அவசரம், ஓ நெகட்டிவ் ரத்தம் தேவை." வாட்ஸப்பில் இந்தச் செய்தியைப் பார்க்காதவர் யாரும் இருக்க மாட்டோம். காரணம் எளிது. இந்தியாவில் 100 பேரில் சுமார் 5 பேருக்குத்தான் ஆர்எச் நெகட்டிவ், அதாவது சிவப்பணுக்களின் மேல் ஆர்எச் என்ற புரதம் இல்லாத ரத்தம். ஐரோப்பியர்களில் இது 15 வரை போகும். அந்த 5 பேரும் ஓ, பி, ஏ, ஏபி என்று பிரிந்துவிடுகிறார்கள். ஏபி நெகட்டிவ் 200 பேரில் ஒருவர் கிடைத்தாலே பெரிது.

நம் நாட்டில் ஓ, பி இரண்டும்தான் அதிகம். பிரிட்டனில் பி வெறும் 10 சதவீதம். இங்கே கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது பம்பாய் குரூப் என்ற அரிய ரத்த வகை. 1952-ல் மருத்துவர் பெண்டேயும் அவர் குழுவினரும் பம்பாயில் கண்டறிந்தது. ஏ, பி இரண்டும் உருவாக அடிப்படையான ஹெச் ஆன்டிஜெனே (சிவப்பணுக்களின் மேல் இருக்கும் ஒரு அடையாளப் பொருள்) இவர்களுக்குக் கிடையாது. மேலோட்டமான பரிசோதனையில் ஓ என்றுதான் காட்டும். அதை நம்பி ஓ ரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து, ஏனென்றால் ஓ ரத்தத்தில்தான் ஹெச் மிக அதிகம், இவர்கள் உடல் அதை அந்நியப் பொருளாக நினைத்துத் தாக்கும். இன்னொரு பம்பாய் குரூப்காரர்தான் இவர்களுக்குக் கொடுக்க முடியும். இந்தியாவில் சுமார் 10,000 பேரில் ஒருவர். ஐரோப்பாவில் பத்து லட்சத்தில் ஒருவர். சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுக்கும் குடும்பங்களில் வாய்ப்பு கூடும். ஒருவருக்கு இருப்பது தெரிந்தால் உடன்பிறந்தவர்களையும் கட்டாயம் சோதிக்க வேண்டும்.

சரி, நெகட்டிவ் குரூப் நண்பர்களே, பக்கத்து ரத்த வங்கியில் இந்த வாரமே உங்கள் பெயரையும் போன் நம்பரையும் கொடுத்து வையுங்கள். ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் 4 மாதத்துக்கு ஒருமுறையும் ரத்தம் கொடுக்கலாம்.