கிழவன் மயங்கி விழுகிறான்

எங்கள் பொமரேனியன் மணிக்கு வயது 13. கேட் சத்தம் கேட்டு ஓடிப்போய்க் குரைத்தால் போதும், கால் துவண்டு சரிந்துவிடுகிறான். கொஞ்ச நேரத்தில் எழுந்து ஒன்றுமே நடக்காத மாதிரி வாலை ஆட்டுகிறான். பக்கத்து வீட்டு அக்கா, "வலிப்புதான், கையில சாவியைக் கொடுங்க" என்றார். எந்தக் கையில் கொடுப்பது?

டாக்டர் முதலில் கேட்டது செல்போன் வீடியோ. வலிப்பு என்றால் பெரும்பாலும் கால்கள் விறைத்து வெட்டும், எச்சில் வடியும், எழுந்த பிறகும் திருதிருவென்று முழிக்கும். இதயக் கோளாறால் வரும் மயக்கம் சட்டென்று தெளிந்துவிடும்.

அப்புறம் ஸ்டெதஸ்கோப். இடது மார்பில் உஸ்ஸென்று கூடுதல் சத்தம். சின்ன ஜாதி நாய்களுக்கு வயதானால் இதயத்தில் ரத்தம் திரும்பிப் போகாமல் தடுக்கும் கதவான மைட்ரல் வால்வு தடித்துக் கசிவது சகஜமாம். ஆனால் இருமலும் இருந்ததால் அதோடு விடவில்லை. இதயம் பெருத்திருக்கிறதா, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரே. துடிப்பு தாளம் தப்புகிறதா என்று பார்க்க இசிஜி. நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறினாலும் மயக்கம் வருமாம். அதை மதிப்பிட எக்கோ, அதாவது இதய ஸ்கேன்.

மணிக்கு அந்த அழுத்தமும் இருக்கிறது. மருந்து சில்டெனாஃபில். ஆமாம், வயாகராவில் இருக்கும் அதேதான். நாய்க்கு என்று சொன்னதும் மருந்துக்கடைத் தம்பி பார்த்த பார்வை இருக்கிறதே!

வயசான நாய் வைத்திருப்பவர்கள், அது அசந்து தூங்கும்போது மூச்சை எண்ணிப் பாருங்கள். நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் டாக்டரிடம் போய்விடுங்கள். ஈறு நீலம் பாய்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.