சீமை அகத்தி இலையிலிருந்து ஒற்றைச் சேர்மம் வரை: ஆய்வகத்தில் எங்கே சறுக்கும்?

படர்தாமரைக்குச் சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசுவது நம் ஊரில் பழைய வழக்கம். சித்த மருந்துக் கடைகளில் களிம்பாகவும் கிடைக்கிறது. ஆகவே இந்த இலைச்சாறு பூஞ்சையைத் தடுக்கிறது என்று காட்டுவதில் பெரிய வேலை ஒன்றும் இல்லை. அந்தத் தடை உண்மையானதா, எந்தச் சேர்மத்தால் வருகிறது, மனிதத் தோலை அது விட்டுவைக்குமா என்று பார்ப்பதில்தான் மாதங்கள் போகும். டெர்பினாஃபின் என்ற வழக்கமான பூஞ்சை மருந்துக்கு அடங்காத ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்ற படர்தாமரைப் பூஞ்சை இந்தியாவில் பரவிவிட்டதால் இந்தத் தேடலுக்கு இப்போது அவசரமும் கூடியிருக்கிறது.

இலையை நிழலில், 40 டிகிரிக்கு மேல் போகாமல் உலர்த்துகிறோம். பறித்த இடம், மாதம், ஹெர்பேரியம் எண் (சான்றாக உலர்த்தி வைத்த செடி மாதிரியின் எண்) மூன்றையும் அன்றே எழுதி வைக்க வேண்டும்; அடுத்த பருவத்து இலையில் வீரியம் மாறினால் காரணம் தேட இவைதான் துணை. 100 கிராம் பொடிக்கு ஒரு லிட்டர் கரைப்பான்: முதலில் ஹெக்சேன், பிறகு எத்தில் அசிட்டேட், கடைசியில் மெத்தனால். ஒவ்வொன்றிலும் 24 மணி நேரம், மும்மூன்று முறை. ஹெக்சேனைத் தவிர்த்தால் மெழுகும் பச்சையமும் கடைசிவரை கூடவே வந்து, சேர்மங்களைப் பிரிக்கும் சிலிக்கா பத்தியை அடைக்கும். ரோட்டவேப்பில் (கரைப்பானை ஆவியாக்கும் சுழல் கருவி) வற்றியபின் வெற்றிடத்தில் எடை நிலைக்கும்வரை வைக்க வேண்டும். மிச்சமிருக்கும் மெத்தனாலே பூஞ்சையைக் கொல்லக்கூடும்.

அகார் தட்டில் சாறு நனைத்த வட்டைச் சுற்றி இத்தனை மில்லிமீட்டர் தெளிவு வந்தது என்ற கணக்கை நாங்கள் பொருட்படுத்துவதில்லை. அகாரில் பரவாத நல்ல சேர்மம் தோற்கும். வேகமாகப் பரவும் சுமாரான சேர்மம் ஜெயிக்கும். 96 குழித் தட்டில் எம்ஐசி, அதாவது வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவு, பார்ப்பதே நம்பத்தக்கது. ட்ரைக்கோஃபைட்டானை ஓட்ஸ் அகாரில் வளர்த்து, ட்வீன் (சோப்புப் போன்ற பொருள்) கலந்த உப்புநீரால் சுரண்டி, மலட்டுத் துணியில் வடிகட்டுகிறோம். இழைத் துண்டுகள் உள்ளே போனால் எம்ஐசி தாறுமாறாக ஏறும். வித்துகளை ஹீமோசைட்டோமீட்டரில் (செல் எண்ணும் கண்ணாடித் தகடு) எண்ணி, மில்லிக்கு 2,000 முதல் 6,000 வரை கொண்டுவந்து, அதில் 100 மைக்ரோலிட்டரை மருந்துள்ள 100 மைக்ரோலிட்டரோடு சேர்க்கிறோம். வளர்ப்பு ஊடகம், மாப்ஸ் என்ற தாங்கல் பொருள் சேர்த்து பிஹெச் 7 ஆக்கிய ஆர்பிஎம்ஐ 1640 என்ற ஊட்டக் கரைசல். 35 டிகிரியில் நான்கு நாள். வளர்ச்சி 80 சதவீதம் குறையும் இடமே எம்ஐசி. நான்கு நாளில் ஓரக் குழிகள் வற்றிவிடும். தட்டை ஈரப் பெட்டிக்குள் வையுங்கள்.

சாற்றைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ திரவம் கடைசிக் கலவையில் 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 51.2 மில்லிகிராம்/மில்லி கரைசலில் தொடங்கினால் முதல் குழியில் மில்லிக்கு 512 மைக்ரோகிராம் கிடைக்கும். ஊடகத்தில் விட்ட உடனே தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் மஞ்சள் வீழ்படிவு தெரிந்தால் அந்தக் குழியில் எழுதிய அளவுக்கு அர்த்தமே இல்லை.

மஞ்சள் என்றது சும்மா இல்லை. இந்த இலையின் வேலைக்காரர்கள் ஆந்த்ரகுவினோன்கள்: ரெய்ன், அலோ-எமோடின், கிரைசோபனால் போன்றவை. காரத்தில் சிவக்கும் சேர்மங்கள் இவை. போதாக்குறைக்குச் சாதாரண ஆர்பிஎம்ஐயில் ஃபீனால் சிவப்பு என்ற நிறமியும் உண்டு. கலங்கலை அளக்கும் ஒளியளவுமானி இதையெல்லாம் வளர்ச்சி என்று படிக்கும். ஃபீனால் சிவப்பு இல்லாத ஊடகம் வாங்கி, ஒவ்வொரு அளவுக்கும் பூஞ்சை போடாத நிறக் குழி ஒன்றை வைத்துக் கழிக்க வேண்டும். உயிருள்ள செல்லில் நிறம் மாறும் ரெசசூரின் சாயத்தை நம்பினாலும் அதே அடி விழும்: பாலிஃபீனால்களே அதை ஒடுக்கி இளஞ்சிவப்பாக்கிவிடும், செத்த குழியும் உயிரோடு இருப்பதுபோல் காட்டும். இன்னொன்று, ஆந்த்ரகுவினோன்கள் வெளிச்சத்தில் ஆக்சிஜன் மூலக்கூறுகளைத் தூண்டி எதையும் கொல்லக்கூடியவை. ஒரு தட்டை அலுமினியத் தாளில் சுற்றி, இன்னொன்றைத் திறந்து வையுங்கள். இருட்டில் தடை காணாமல் போனால் உங்களிடம் இருப்பது ஒளியால் வேலை செய்யும் நச்சு, மருந்து அல்ல.

ஏமாற்றும் சேர்மங்கள் வேறும் உண்டு. டானின் புரதத்தோடு ஒட்டி நொதிகளை முடக்கும். டானினை உறிஞ்சும் பிவிபிபி பொடியால் அதை நீக்கியபின் தடை நிற்கிறதா பாருங்கள். சபோனின் செல் சவ்வைக் கிழிக்கும்; 2 சதவீத ஆட்டுச் சிவப்பணுவில் ஒரு மணி நேரம் வைத்தால் அது தெரிந்துவிடும். பூஞ்சையும் நம்மைப் போலவே உட்கரு உள்ள உயிர் என்பதால் கிருமியைக் கொல்லும் அளவுக்கும் நம் செல்லைக் கொல்லும் அளவுக்கும் நடுவே பாக்டீரியா மருந்தில் கிடைக்கும் தூரம் இங்கே கிடைக்காது. ஆய்வகத்தில் வளர்க்கும் ஹாகேட் என்ற மனிதத் தோல் செல்லில் பாதியைக் கொல்லும் அளவு எம்ஐசியைப் போல் பத்து மடங்காவது இல்லாவிட்டால் நாங்கள் அந்தப் பின்னத்தை (சாற்றிலிருந்து பிரித்த பகுதியை) தொடுவதில்லை. செல் உயிரோடு இருக்கிறதா என்று நிறத்தால் காட்டும் எம்டிடி சோதனையையும் ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் ஏமாற்றும். செல் இல்லாத குழி அங்கேயும் வேண்டும்.

எங்கள் வரம்பு இதுதான்: கச்சாச் சாறு மில்லிக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே வேலை செய்ய வேண்டும், தூய சேர்மம் 25 மைக்ரோமோலாருக்குக் கீழே. அடங்கும் ட்ரைக்கோஃபைட்டானுக்கு டெர்பினாஃபின் மில்லிக்கு நூறில் சில பங்கு மைக்ரோகிராமே போதும் என்பதை நினைத்தால் இந்த வரம்பே தாராளம். டெர்பினாஃபினுக்கு அடங்காத பூஞ்சை வகை ஒன்றையும் தட்டில் சேர்த்துவிடுங்கள். இரண்டிலும் எம்ஐசி ஒன்றே என்றால் டெர்பினாஃபின் தாக்கும் ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் நொதியின் பாதையில் நீங்கள் இல்லை. சுவர் பழுதான செல்லை வெடிக்காமல் காக்கும் சார்பிட்டாலை 0.8 மோலார் சேர்த்ததும் எம்ஐசி ஏறினால் செல் சுவரைத் தொடுகிறீர்கள். பூஞ்சைச் சவ்வின் கொழுப்பான எர்கோஸ்டீரால் சேர்த்ததும் ஏறினால், ஆம்ஃபோடெரிசின் மருந்தைப் போல் அந்தச் சவ்வைத் தாக்கும் வழி.

பிரிக்கத் தொடங்கியதும் பலருக்குத் தடை மறைந்துவிடும். சிலிக்கா பத்தியிலிருந்து வந்த எல்லாப் பின்னங்களையும் அதே விகிதத்தில் மறுபடி கலந்து சோதியுங்கள். தடை திரும்பினால் கூட்டாக வேலை செய்யும் சேர்மங்கள் பிரிந்து போயின என்று பொருள். திரும்பாவிட்டால் சிலிக்கா விழுங்கிவிட்டது அல்லது சிதைந்துவிட்டது. சேர்மங்களைப் பொட்டுப் பொட்டாகப் பிரிக்கும் டிஎல்சி தகட்டின்மேல் கிளாடோஸ்போரியம் என்ற கரும்பூஞ்சையின் வித்துகளைத் தெளித்தால் கருமையான வளர்ச்சிக்கு நடுவே வெள்ளைப் பொட்டு எங்கே விழுகிறதோ அங்கேதான் சேர்மம். ட்ரைக்கோஃபைட்டான் இதற்கு மிக மெதுவு.

அடுத்தது, பழைய சேர்மத்தைப் புதிதென்று கொண்டாடாமல் இருப்பது. மூலக்கூறு எடையைக் காட்டும் நிறை நிறமாலையில் 270 வந்தால் அது எமோடினாகவும் இருக்கலாம், அலோ-எமோடினாகவும் இருக்கலாம், வாய்பாடு ஒன்றே. ஹைட்ரஜன் அணுக்களின் சூழலைக் காட்டும் என்எம்ஆரில் 2.4 பிபிஎம் அருகே மீத்தைல் தெரிந்தால் முன்னது, 4.6 அருகே இரு ஹைட்ரஜன் தெரிந்தால் பின்னது. 254 கிரைசோபனால், 284 ரெய்ன்.

தாவரத்தையே கட்டிக்கொண்டு அழ வேண்டியதும் இல்லை. பூஞ்சை மருந்துகளில் நிஸ்டாட்டினும் ஆம்ஃபோடெரிசினும் மண்ணிலிருந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியா தந்தவை. காஸ்போஃபங்கின், ஐப்ரெக்ஸாஃபங்கர்ப், கிரிசியோஃபல்வின் மூன்றும் பூஞ்சைகளே தயாரித்தவற்றிலிருந்து வந்தன. தாவரக் கணக்கில் ஆமணக்கெண்ணெய் வழி வந்த அன்டெசிலெனிக் அமிலம் போன்ற மேற்பூச்சுகளே தேறின. எனவே சீமை அகத்தியின் இலைக்குள் வாழும் எண்டோஃபைட் பூஞ்சைகளையும் வளர்த்துப் பார்க்கிறோம்.

காப்புரிமை எண்ணம் இருந்தால், விண்ணப்பத்துக்கு முன்பே சென்னை தரமணியிலுள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் விதிகளைப் பாருங்கள். படர்தாமரைக்கு இலைச்சாறு என்பது பாரம்பரிய அறிவு. அதற்குக் காப்புரிமை கிடைக்காது. சேர்மத்தில் நீங்கள் செய்த வேதி மாற்றத்துக்கோ புதிய கலவைமுறைக்கோ வழி இருக்கிறது.