வளைகாப்புக்கு நாற்பத்தெட்டு சுருக்குப் பை

மே 3

காட்பாடியிலிருந்து தங்கை போன் செய்தாள். அவள் மகள் பாப்பாவின் வளைகாப்பு ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாகிவிட்டது. பாப்பா பெங்களூரிலிருந்து இரண்டு நாள் முன்னாடியே வந்துவிடுவாள். தாம்பூலம் கொடுக்க பிளாஸ்டிக் டப்பா பார்த்து வைத்திருக்கிறாளாம், மொத்தமாக எடுத்தால் விலை குறையுமாம். அப்படி ஒவ்வொரு விசேஷத்திலும் வந்து சேர்ந்த டப்பாக்கள் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு சாக்கு இருக்கும். மூடி கிடைத்தால் டப்பா கிடைக்காது.

"டப்பா வேணாம். சுருக்குப் பை தைச்சுத் தர்றேன்" என்றேன்.

"இந்த வெயில்லயா அக்கா?"

நாளைக்கு அக்னி நட்சத்திரம் ஆரம்பம். வேலூரில் அது ஆரம்பித்தால் என்ன, முடிந்தால் என்ன. கோட்டைச் சுவர் ராத்திரி பத்து மணிக்கும் சூடாகத்தான் இருக்கும். வீட்டுக்குள் உட்கார்ந்து தைக்கிறவளுக்கு வெயில் ஒரு சாக்கு இல்லை.

மே 6

லாங்கு பஜார். பதினோரு மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று எட்டரைக்கே கிளம்பிவிட்டேன். துணிக்கடையில் வளைகாப்பு என்று சொன்னதும் சாட்டின், ஜரிகை பார்டர் வைத்த பிட்டு, பளபளவென்று ஏதோ ஒரு வலைத்துணி எல்லாம் எடுத்துப் போட்டார்கள். நான் குடியாத்தம் கைலி கேட்டேன். பையன் ஒரு தரம் என்னைப் பார்த்தான். "ஆம்பளைக்கா மேடம்?"

கைலியை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நூலுக்கே சாயம் போட்டு நெய்வதால் கட்டம் இரண்டு பக்கமும் ஒன்று போல இருக்கும். உள்பக்கம் வெளிபக்கம் என்று பார்த்துப் பார்த்து மடிக்க வேண்டாம். பருத்தி என்பதால் துவைத்தால் மெத்தென்று ஆகிவிடும். எல்லாவற்றையும் விட, கட்டக் கோட்டைப் பிடித்துக்கொண்டே கத்தரி போகும், சாக்குக்கட்டி வேலையே இல்லை. சாட்டினில் இது நடக்காது. வெட்டின இடத்தில் பிசிறு கொட்டிக்கொண்டே இருக்கும்.

மூட்டாத கைலியாகப் பார்த்து மூன்று எடுத்தேன், ஒன்று 220 ரூபாய். மெரூன், பாட்டில் பச்சை, மஞ்சள் கட்டம் போட்ட நீலம். கைலி இரண்டு மீட்டர், அதாவது 78 அங்குலத்துக்குச் சற்று மேல். அகலம் 47 வருகிறது. ஒரு பைக்கு 9 அங்குல அகலமும் 20 அங்குல நீளமும் வேண்டும். நீளவாக்கில் எட்டு, குறுக்கே இரண்டு, ஆக ஒரு கைலியில் 16 பை. மூன்று கைலியில் 48. மேலே ஏழு அங்குலப் பட்டை ஒன்று மிஞ்சும். அதற்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன், அப்புறம் சொல்கிறேன்.

மே 7

தைப்பதற்கு முன் துவைத்தே ஆக வேண்டும். புதுக் கைலியில் கஞ்சி இருக்கும், அது போனதும் துணி கொஞ்சம் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் தையல் ஓரம் இழுத்துக்கொண்டு பை கோணலாக நிற்கும்.

உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வெளியே வர வேண்டிய சாயம் எப்படியும் வரும். தண்ணீர் தெளிகிறவரை மாற்றி மாற்றி அலசுவதுதான் வேலை. மெரூன் மூன்று வாளி தண்ணீர் குடித்தது. கடைசித் தண்ணீரில் வெள்ளைத் துணி ஒன்றை முக்கிப் பிழிந்து பார்த்தேன். சரி, இனி பயமில்லை. குங்குமமும் ஈர வெற்றிலையும் வைக்கிற பை, யாருடைய பட்டுப் புடவையிலாவது பட்டுத் தொலைத்தால் என்ன ஆவது?

மொட்டை மாடியில் போட்டு, கீழே வந்து காபி குடித்துவிட்டுப் போவதற்குள் காய்ந்துவிட்டது. இந்த ஊர் வெயிலில் இது ஒன்றுதான் லாபம்.

மே 9

மெஷினைத் தயார் செய்தேன். அம்மா வாங்கிய கால் மெஷின். அவள் வாங்கும்போது வட ஆற்காடு ஜில்லா முழுசாக இருந்தது. 1989-ல் அதைப் பிரித்தார்கள், 2019-ல் வேலூரையும் மூன்றாக்கினார்கள். மெஷின் அப்படியே இருக்கிறது.

பெல்ட் தொளதொளத்துப் போயிருந்தது. காலை மிதித்தால் சக்கரம் மட்டும் சுற்றுகிறது, ஊசி நகரமாட்டேன் என்கிறது. கிளிப்பை விரித்துக் கழற்றி, அரை அங்குலம் வெட்டி, புது ஓட்டை போட்டு மறுபடி மாட்டினேன். எண்ணெய் விட்டு ஒரு பழைய துணியில் நாலு வரி ஓட்டினேன், எண்ணெய்க் கறை அதிலேயே போய்விடட்டும் என்று. பாபின் கேஸை நூல் நுனியில் பிடித்துத் தொங்கவிட்டால் அது தானாக இறங்கவும் கூடாது, அசையாமல் நிற்கவும் கூடாது. கையை லேசாக உதறினால் ஒரு அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். பக்கத்தில் இருக்கிற குட்டி ஸ்க்ரூவைக் கால் திருப்பு திருப்பியதும் சரியாகிவிட்டது. கைலிக்கு 14-ஆம் நம்பர் ஊசி.

மே 12

வெட்டி முடித்தாயிற்று. ஒவ்வொரு பையாகத் தைத்து முடிப்பது பொழுதுபோக்கு. நாற்பத்தெட்டு என்றால் அது ஆகாது. முதலில் எல்லாத் துண்டுக்கும் வாய் மடிப்பு, அப்புறம் எல்லாவற்றுக்கும் பக்கத் தையல், கடைசியில் நாடா போகிற வரி. நூலை அறுக்காமல் ஒன்றன் பின் ஒன்றாக ஊசிக்கடியில் தள்ளிக்கொண்டே போனால் மெஷினுக்குப் பின்னால் தோரணம் மாதிரி விழுந்துகொண்டே இருக்கும். அப்புறம் மொத்தமாக உட்கார்ந்து நூலை வெட்டலாம்.

20 அங்குலத் துண்டை இரண்டாக மடித்தால் அடிப்பக்கம் தையல் இல்லாமல் வரும். கனம் தாங்குகிற இடத்தில் தையல் இல்லாதது நல்லது. வாயை ஒன்றரை அங்குலம் உள்ளே மடித்து ஒரு தையல், அதற்கு முக்கால் அங்குலம் மேலே இன்னொன்று. நடுவில்தான் கயிறு ஓடும். பக்கத் தையல் போடும்போது அந்த முக்கால் அங்குலத்தை மட்டும் இரண்டு பக்கமும் தைக்காமல் விட வேண்டும், முன்னும் பின்னும் ரிவர்ஸ் அடித்து இறுக்கிவிட வேண்டும். ஒரு கயிறு வலப்பக்கம் நுழைந்து சுற்றி வலப்பக்கமே வரும், மற்றது இடப்பக்கம். இரண்டையும் இழுத்தால் வாய் பொத்தென்று மூடிக்கொள்ளும். ஒற்றைக் கயிறு போட்ட பை ஒரு பக்கமாகத்தான் சுருங்கும்.

அளவு சரியா என்று பார்க்க உரித்த தேங்காய் ஒன்றை வைத்தேன். மேலே வெற்றிலை பாக்கு, மஞ்சள், ஒரு டஜன் கண்ணாடி வளையல். கயிறு இழுக்கவும் இடம் இருந்தது. பேப்பரில் எட்டு அங்குலம் என்று எழுதுவது ஒன்று, தேங்காய் உள்ளே போய் வெளியே வருவது வேறு.

மே 16

கயிறு கடையில் வாங்கலாம். ஆனால் குரோஷா ஊசியில் செயின் போட்ட கயிறு அவிழாது, முடிச்சு நிற்கும், கையில் வழுக்காது. ஒரு பைக்கு 24 அங்குலத்தில் இரண்டு. எல்லாம் சேர்த்தால் 64 கெஜம்! செயினுக்கு நூல் மூன்று மடங்குக்கு மேல் இழுக்கும். ஆகவே காட்டன் நூலை உருண்டையாக வாங்காமல் கோன் ஆகவே வாங்கிவிட்டேன்.

சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா வந்து உட்கார்ந்தார். ஒயர் கூடை பின்னிப் பழகின விரல். ஒரு தரம் காட்டியதும் பிடித்துக்கொண்டார். ஆனால் ஒயரை இறுக்குகிற பலத்தோடு நூலையும் இறுக்குகிறார். அவர் போட்ட செயினில் கண்ணியே தெரியவில்லை, கம்பி. "ஊசியோட பருமனுக்குக் கண்ணி நிக்கணும்க்கா, உங்க கோபத்துக்கு இல்ல" என்றேன். சிரித்தார், கொஞ்சம் தளர்ந்தது. 3 மில்லிமீட்டர் ஊசியை வாங்கிக்கொண்டு 4 கொடுத்தேன். அதுவே போதுமானதாக இருந்தது.

கை வேர்த்தால் நூல் ஊசியில் ஒட்டும். டால்கம் பவுடர் டப்பா நடுவில், நாங்கள் இருவரும் கேரம் ஆடுகிறவர்கள் போல அடிக்கடி விரலைத் தொட்டுக்கொண்டோம்.

மே 21

தங்கையோடு சின்ன சண்டை. அவள் உல்லன் நூல் வாங்கி அனுப்பியிருக்கிறாள். குழந்தைக்குக் குல்லாய், கையுறை, காலுறை, ஸ்வெட்டர் எல்லாம் செட்டாக வேண்டுமாம். வளைகாப்பில் தட்டில் வைக்கப் பார்ப்பதற்கு அழகாக இருக்குமாம்.

முதலாவது, பிரசவம் ஆகஸ்டில், இந்த ஊரில். ஆகஸ்டில் நமக்கே ஃபேன் போதாது. அக்ரிலிக் நூல் வேர்வையை உறிஞ்சாது, குழந்தைக்கு வேர்க்குருதான் வரும். இரண்டாவது, கையுறை நான் போட மாட்டேன். உள்ளே ஒரு நூல் இழை விட்டுப்போனாலும் பச்சைக் குழந்தையின் விரலில் சுற்றிக்கொண்டு ரத்தம் ஓடாமல் செய்துவிடும். அழுகிறது அழுகிறது என்று எல்லா இடமும் பார்ப்பார்கள், கையுறையைக் கழற்றிப் பார்க்கத் தோன்றாது.

மூன்றாவதை எடுத்துக் கொடுத்தது அவளுடைய மாமியார். பிறப்பதற்கு முன்னால் குழந்தைக்குப் புதுத்துணி சேர்க்கக் கூடாது என்றார். அதில் எனக்கு அபிப்பிராயம் இல்லை, ஆனால் அன்றைக்கு அது என் பக்கம் நின்றது.

முடிவு: தட்டில் எதுவும் வைப்பதில்லை. காட்டன் நூலில் ஒரு குல்லாய் போட்டு நானே வைத்திருப்பேன். ஜப்லாவுக்கு, தங்கை வீட்டுக்காரரின் பழைய மல் வேட்டி இரண்டு. எத்தனை வருஷம் துவைத்த துணி, அதை விட மெத்தென்று எந்தக் கடையிலும் கிடைக்காது. முதுகுப்பக்கம் நாடா, பட்டன் கிடையாது, மடிப்புத் தையல் எல்லாம் வெளிப்பக்கம் பார்த்து. உள்ளே உடம்பில் எதுவும் உறுத்தக் கூடாது.

மே 27

வேலப்பாடி அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். இடுப்பெலும்பு ஆபரேஷனுக்கு அப்புறம் வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறாள். இரண்டு கையும் வாக்கரில். அப்போ மூக்குக் கண்ணாடி? நைட்டியின் கழுத்தில் மாட்டியிருக்கிறாள். செல்போன்? அக்குளில் இடுக்கியிருக்கிறாள். மாத்திரை அட்டையைப் பல்லில் கவ்விக்கொண்டு வந்ததை நானே பார்த்தேன்.

டேப்பை எடுத்து வாக்கரின் முன்கம்பியை அளந்தேன். 15 அங்குலம்.

"இன்னாடி, வாக்கருக்கு ஜாக்கெட் தைக்கப் போறியா?"

"பாக்கெட் தைக்கப் போறேன் அத்தே."

இதற்குத்தான் அந்த ஏழு அங்குலப் பட்டைகள். பழைய ஜீன்ஸில் தைக்கலாமே என்று தங்கை சொன்னாள். ஜீன்ஸே கனம். முன்பக்கம் பாரம் ஏறினால் வாக்கர் முன்னால் சாயும், கூடவே அத்தையும். கைலி இரண்டு மடிப்பு போதும். கம்பியில் மாட்ட நாலு வார், வெல்க்ரோ வேண்டாம், அதைப் பிய்க்க அத்தை விரலில் தெம்பில்லை. டிச் பட்டன். மூன்று பாக்கெட்: வலது ஓரம் கண்ணாடிக்கு, நடுவில் போன், இடது ஓரம் மாத்திரை. அத்தை வலதுகையால்தான் கண்ணாடி போடுவாள், அதைக் கவனித்துவிட்டுத்தான் வந்தேன்.

ஜூன் 1

குல்லாய் முடிந்தது. பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு 14 அங்குலம் இருக்கும். பின்னல் இழுத்துக் கொடுக்கும் என்பதால் குல்லாயை 13-க்குள் போட்டால் சரியாக உட்காரும். மேஜிக் ரிங்கில், அதாவது இழுத்தால் இறுகுகிற நூல் வளையத்தில், ஆறு கண்ணி. அடுத்த சுற்று பன்னிரண்டு, அடுத்தது பதினெட்டு, இருபத்து நாலு. சுற்றுக்கு ஆறு கூட்டிக்கொண்டே போனால் வட்டம் தட்டையாக வரும். கூட்டுவது குறைந்தால் கிண்ணம் ஆகும், அதிகமானால் ஓரம் நெளியும். வட்டம் நாலு அங்குலம் வந்ததும் கூட்டுவதை நிறுத்திவிட்டு நேராகச் சுற்ற வேண்டும், அப்போது தானாகக் குல்லாயாக இறங்கும். சுற்று எங்கே ஆரம்பித்தது என்று தெரிய முதல் கண்ணியில் ஒரு ஊக்கு.

மேலே குஞ்சம் வைக்கவில்லை. படத்தில் அழகு, குழந்தை வாயில் போனால் வம்பு.

ஜூன் 9

நேற்று வளைகாப்பு நன்றாக நடந்தது. ஏழு வகை சாதம், புளியோதரை முதலில் தீர்ந்தது. பாப்பாவின் கை முழங்கை வரை வளையல்.

பைகள் நாற்பத்தெட்டும் போய்விட்டன. போதவில்லை, கடைசியில் வந்த மூன்று பேருக்குக் காகிதப் பையில்தான் கொடுத்தோம். பச்சைக்குத்தான் அடிதடி. ஒரு சித்தி அங்கேயே தேங்காயை வெளியே எடுத்துவிட்டு, சில்லறையையும் சாவிக்கொத்தையும் உள்ளே போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார். தங்கையின் அலுவலகத்திலிருந்து வந்தவர், நூறு பை தைத்துத் தருவீர்களா, ஒன்றுக்கு முப்பது ரூபாய் தருகிறேன் என்றார். துணியும் நூலும் மட்டும் இருபதுக்குப் பக்கம் வருகிறது. மிச்சம் பத்து ரூபாய்க்கு வெட்டி, தைத்து, கயிறு பின்னி, கோத்துக் கொடுக்க வேண்டும். விற்பதற்கு இல்லைங்க என்று சொல்லிவிட்டேன். எதிர்வீட்டு அக்காவுக்கு என் மேல் வருத்தம். "ஒரு அறுபது சொல்லிப் பாத்திருக்கலாமில்ல?"

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கயிறு அவரே பின்னி, அறுபது கேட்டுப் பார்க்கட்டும் என்று அந்த அலுவலகக்காரர் நம்பரை வாங்கிக் கொடுத்தேன்.

ஜூன் 13

அத்தையிடமிருந்து போன். வாக்கர் பையில் எந்தக் குறையும் இல்லையாம். பிசியோதெரபிக்கு வருகிற பெண் பார்த்துவிட்டு, அவள் போகிற இன்னொரு வீட்டுக்கும் ஒன்று கேட்டாளாம். அங்கே தாத்தாவுக்கு ஒரு டிரான்ஸிஸ்டர், ஒரு பொடி டப்பா.

"அளவு கேட்டீங்களா அத்தே?"

"டிரான்ஸிஸ்டரையா?"

"வாக்கரை. டிரான்ஸிஸ்டரையும்தான். அவர் இடதுகைக்காரரா, வலதுகைக்காரரா?"

"பொடி எந்தக் கையில போடறார்னு பாத்துட்டு வரச் சொல்றேன், இரு" என்று வைத்துவிட்டாள். நீலக் கட்டத்தில் ஒரு பட்டை பாக்கி இருக்கிறது.