அம்மாவுக்கு வசனம் கேட்கவேண்டும்

ஜூன் 7, 2025, சனி

இன்று படம் முடிவதற்குள் அம்மா ஆறேழு தடவை கேட்டுவிட்டாள்: "என்னடா சொன்னான்?" டிவி சத்தத்தைக் கூட்டினால் சண்டைக் காட்சி பக்கத்து வீடு வரை போகிறது; குறைத்தால் பேச்சு காணாமல் போகிறது. 5.1 ஒலியில் (ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் தனித்தனி சேனல், அதாவது ஒலித்தடம்) வசனத்தின் பெரும்பகுதி நடு சேனலில்தான் வரும். டிவிக்குள் இருக்கும் இரண்டு சின்ன ஸ்பீக்கரில் அது பின்னணி இசையோடு சேர்ந்து நசுங்கிவிடுகிறது.

மச்சான் துபாய் கிளம்பும்போது விட்டுப்போன ஐந்து ஸ்பீக்கரும், தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கரான சப்வூஃபரும் பரணில் இருக்கின்றன. ஒரு ஏவிஆர், அதாவது டிவி ஒலியைப் பிரித்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அனுப்பும் ஆம்ப், வாங்கினால் போதும்.

ஜூன் 10, செவ்வாய்

ஸ்பீக்கரின் பின்பக்கத் தூசியைத் துடைத்துப் பார்த்தேன்: மின்தடை 6 ஓம், ஒலி அளவு 88 டெசிபல். அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி 88. நம் சோபா மூன்று மீட்டர் தள்ளி இருக்கிறது, அங்கே கிட்டத்தட்ட 78 ஆகிவிடும். வாட் இரட்டிப்பானால் 3 டெசிபல்தான் ஏறும். 16 வாட்டிலேயே சோபாவில் 90 வந்துவிடுகிறது, இந்த ஹாலுக்கு அது தாராளம். 80 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் ஒரே ஒரு டெசிபல்தான் வித்தியாசம். இதற்காக யாரும் கூடுதல் பணம் கொடுக்கக் கூடாது.

ஜூன் 14, சனி

சென்னை ரிச்சி தெரு. முதல் கடைக்காரர் பிஎம்பிஓ கணக்கில் ஆயிரக்கணக்கான வாட் சொன்னார். கண்ணிமைக்கும் நேரத்து உச்சத்தைக் காட்டும் எண் அது. விவரத்தாளில் பார்க்கவேண்டியது, காதுக்குக் கேட்கும் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல் ஓடும்போது எத்தனை வாட் என்பதை. ஒரு சேனலை மட்டும் ஓட்டி 1 கிலோஹெர்ட்ஸில் அளந்தால் அதே பெட்டி பெரிய எண்ணைக் காட்டும்.

கடைசியில் இரண்டு நின்றன. யமஹா ஆர்எக்ஸ்-வி4ஏ ஐந்து சேனல், டெனான் ஏவிஆர்-எக்ஸ்1800எச் ஏழு சேனல். இரண்டிலும் இஆர்க் உண்டு, டிவியிலிருந்து ஒரே எச்டிஎம்ஐ கேபிளில் ஒலி வந்துவிடும்.

ஜூன் 15, ஞாயிறு

வாடகை வீடு. கூரையில் துளை போட வீட்டுக்காரர் விடமாட்டார், அதனால் தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் அட்மாஸுக்கான உயர ஸ்பீக்கர் பேச்சே இல்லை. அப்படிப் பார்த்தால் ஐந்து சேனலே போதும். ஆனாலும் டெனானுக்குத்தான் மனசு போகிறது. அதிலுள்ள ஆடிஸி மல்ட்இக்யூ எக்ஸ்டி எட்டு இடங்களில் மைக் வைத்து அறையை அளந்து ஒலியைத் திருத்தும். மொசைக் தரையும் வெற்றுச் சுவருமாக நம் ஹாலில் கைதட்டினாலே எதிரொலி வரும். டால்பி சரவுண்ட் முறையும் இருக்கிறது. பழைய மோனோ படத்தில் இருபக்கமும் ஒன்றாக வரும் குரலை எடுத்து நடு ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். அம்மா பார்ப்பதில் பாதி கறுப்பு வெள்ளைப் படம். சரி, டெனான்தான்.

ஜூன் 21, சனி

டிவி ஸ்டாண்டின் மூடிய தட்டில் ஆம்பை வைக்கவில்லை. மேல்பலகை வெந்நீர்ப் பானை மாதிரி சுடும். மேலே ஒரு சாண் இடம் விட்டுத் திறந்த தட்டில் வைத்தேன்.

வயர் முனையைச் சீவி முறுக்கும்போது முடிபோல ஒரே ஒரு செம்பு இழை பிரிந்து நின்றது. அது பக்கத்து முனையில் பட்டிருந்தால் ஆம்ப் தானாக அணைந்திருக்கும். திரும்ப அவிழ்த்து முறுக்கினேன். நடு ஸ்பீக்கர் தாழ்வாக இருந்தது. முன்பக்கத்துக்கு அடியில் ரப்பர் துண்டு கொடுத்து, சோபாவில் அம்மாவின் காது உயரத்துக்கு நிமிர்த்தினேன்.

அளக்கும்போது சத்தம் கூடாது. ஃபேன், ஃபிரிட்ஜ் இரண்டையும் நிறுத்தினோம். அம்மா குக்கரை இறக்கி வைத்துவிட்டு வேர்க்க வேர்க்க அடுப்படியிலேயே நின்றாள். கேமரா ஸ்டாண்டில் மைக், எட்டு இடம், ஒவ்வொன்றிலும் 'ஊய்ங்' என்று ஏறும் ஒலி. அப்புறம் கிராஸ்ஓவரை (அதற்குக் கீழுள்ள தாழ்ந்த ஒலி சப்வூஃபருக்குப் போகும் எல்லை) 80 ஹெர்ட்ஸில் வைத்து, நடு சேனலை மட்டும் 3 டெசிபல் ஏற்றினேன்.

ராத்திரி பழைய படம் ஒன்று. அரைமணி நேரம் அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. அப்புறம் திரும்பிச் சொன்னாள்: "நல்லாக் கேக்குதுடா, கொஞ்சம் குறைச்சு வை."