டிமென்ஷியா வந்த ஆயாவுக்குப் பல் விளக்க வச்ச அனுபவம்
எங்க வீட்டுக்காரரோட ஆயா தென்னாப்பிரிக்காவுல டர்பன் நகரத்துல சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துல இருக்காங்க, டிமென்ஷியா முத்திப்போச்சு. சின்ன வயசுல மேகசின் பாரக்ஸ்ல, அதாவது டர்பன் நகராட்சியில வேலை பாத்த இந்தியத் தொழிலாளருங்க குடியிருப்புல, வளர்ந்தவங்க, அப்புறம் வருஷக்கணக்கா இங்கிலீஷ்லயே பேசினாங்களாம், இப்ப அதெல்லாம் போயி தமிழ் மட்டும்தான் வருது. பாத்துக்கிற ஜூலு பொண்ணுங்க "கோகோ" (அவங்க பாஷையில பாட்டி)ன்னு பாசமாத்தான் கூப்பிடுவாங்க, ஆனா பிரஷ்ஷைக் கண்டாலே ஆயா உதட்டை இறுக்கிக்குவாங்க, கையைத் தட்டிவிடுவாங்க, ஒரு பொண்ணைக் கடிச்சே வச்சுட்டாங்க. அவங்களும் சார்ட்ல "வேண்டாம்னுட்டாங்க"ன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. அப்படி விடக்கூடாதுங்க, வாயில சேர்ற கிருமி எச்சிலோட நுரையீரலுக்குள்ள இறங்கினா நிமோனியா வரும், இந்த வயசுல அது உயிருக்கே ஆபத்து.

அங்க இருந்த ஒரு சிஸ்டர்தான் சொன்னாங்க, இது அடம் இல்லம்மா, ஒண்ணு பயம், இல்லன்னா வலின்னு. வலியை முதல்ல பாருங்கன்னாங்க, ஏன்னா இவங்களால வலிக்குதுன்னு வாய்விட்டுச் சொல்ல முடியாது. டென்டிஸ்ட்கிட்ட காலையிலேயே கூட்டிட்டுப் போனோம், மதியத்துக்கு மேல ஆயா ரொம்பத் தடுமாறுவாங்க. மேல் பல்செட்டைக் கழட்டினா ஈறுல வெள்ளையா ஒரு புண்ணு! பாவம், எத்தனை நாளா அதோட சாப்பிட்டாங்களோ. செட்டோட ஓரத்தைத் தேய்ச்சுக் கொடுத்தாங்க, புண்ணு ஆறுற வரைக்கும் செட்டு போடாம குழைஞ்ச பருப்பு சோறுதான்.

வலி போனதும் மிச்சம் பயம். அமெரிக்காவுல ரீட்டா ஜப்லான்ஸ்கின்னு ஒரு நர்சிங் ஆராய்ச்சியாளர் இதுக்குன்னே ஒரு முறை வச்சிருக்காங்க, சிஸ்டர் அதைத்தான் சொல்லிக்கொடுத்தாங்க. பின்னாடி இருந்து போகக்கூடாது, மேல நின்னு குனியக்கூடாது, எதிர்ல அவங்க கண்ணுக்கு நேரா உக்காந்து சிரிச்சிட்டு நாம விளக்கிக் காட்டணும், குழந்தைகிட்ட கொஞ்சுற மாதிரி பேசக்கூடாது, ஆரம்பிச்சு விட்டுட்டு மிச்சத்தை அவங்களையே செய்ய விடணும். ஆயா பிரஷ்ஷை வாங்கி வெறிச்சுப் பாத்துட்டே இருந்தாங்க. எனக்கு என்னமோ தோணிச்சு, அவங்க ஆள்காட்டி விரல்ல துளி பேஸ்ட் வச்சேன், அவ்வளவுதான், விரல் தானா வாய்க்குப் போயி கீழ் முன்பல்லை வலது இடதுன்னு தேய்க்க ஆரம்பிச்சிடுச்சு, அந்தக் காலத்துப் பழக்கம் கைக்கு மறக்கல பாருங்க. அப்படித் தேய்க்கும்போதே சின்னத் தலை வச்ச சாஃப்ட் பிரஷ்ஷைக் கையில கொடுத்து, அவங்க கைமேல என் கையை வச்சு நகத்தினேன். நம்ம விரலை மட்டும் பல்லுக்கு நடுவுல விட்டுடாதீங்க.

கண்ணாடி முன்னாடியும் வேண்டாம், யாரோ வேத்து ஆளுன்னு மிரளுறாங்க. ஒரு நாள் ஒத்துக்கலைன்னா மல்லுக்கட்டாம அரை மணி கழிச்சு வேற ஒருத்தரை அனுப்பினா சில சமயம் சும்மா வாயைத் திறந்துடுறாங்க. "ஆயா, ஆ காட்டுங்க"ன்னு அந்தப் பொண்ணுங்களுக்கும் சொல்லிக்கொடுத்துட்டேன், நல்லாவே சொல்றாங்க.

ராத்திரி செட்டைக் கழட்டுறதுக்குத்தான் இன்னும் போராட்டம். செட்டோட தூங்கினா நிமோனியா வர வாய்ப்பு கூடுதுன்னு டாக்டருங்க சொல்றாங்க, அதனால தூக்கம் வர்ற நேரம் வரைக்கும் விடாம சாயங்கால டீ, சாப்பாடு முடிஞ்ச கையோட கேக்கச் சொல்லியிருக்கேன், அந்த நேரத்துல கேட்டா பெரும்பாலும் கொடுத்துடுறாங்க.