தம்பி வருகிற தூரம்

நவம்பர் 11

இன்றைக்கும் அப்பாவிடமிருந்து அதே கேள்வி. "நியூயார்க் எவ்வளவு தூரம்மா?"
"பதினைந்தாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்பா."
தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் கேட்டார்.

நவம்பர் 12

ஆக்சிஜன் 91. கஞ்சி மூன்று ஸ்பூன்.

நவம்பர் 13

தூக்கம் வரவில்லை. அப்பாவின் பழைய பூகோள உருண்டையை அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்தேன். பூக்கட்டும் நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூரில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை நியூயார்க் வரை இழுத்தேன். பசிபிக் வழியாக வைத்தால் நூல் தளர்கிறது. இறுக்க இறுக்க மேலே ஏறி, வடதுருவத்துப் பித்தளைத் திருகில் போய் முட்டி நிற்கிறது.

சிங்கப்பூரில் நாம் கிழக்கே 104 டிகிரி, நியூயார்க்கில் தம்பி மேற்கே 74. கூட்டினால் 178. நம் தீர்க்கரேகைக்கு ஏறக்குறைய நேர் மறுபக்கம், அதனால்தான் துருவம் குறுக்கு வழியாகிறது. அப்புறம் கணக்கு சுலபம். நாம் பூமத்திய ரேகைக்கு மேலே ஒன்றரை டிகிரிகூட இல்லை, அவன் ஊர்க் கென்னடி விமான நிலையம் நாற்பதே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டும் சேர்ந்து 42. அதை 180-இல் கழித்தால் 138. டிகிரிக்கு 111 கிலோமீட்டர் என்றால் 15,318.

நூலை அளந்தேன். 36 சென்டிமீட்டர். என் முழங்கைகூட அதைவிட நீளமாக இருக்கும்போல.

நவம்பர் 14

தம்பி பேசினான். "அக்கா, நேராக வரட்டுமா, எங்காவது மாறி வரட்டுமா?" நேராகவே வா என்றேன். அந்த விமானத்தில் மொத்தமே 161 இருக்கை, எகானமியே கிடையாது. விலையைக் கேட்கவில்லை.

அவன் அங்கே போய்ச் சேர்ந்த 2013-இல்தான் அந்த நேர் விமானத்தை நிறுத்தினார்கள். நான்கு எஞ்சின், எரிபொருள் கட்டுப்படியாகவில்லை. 2018-இல் ஏ350 ரக விமானம் வந்து மறுபடி ஓடத் தொடங்கியபோது அப்பா செய்தித்தாளை வெட்டி வைத்தார். அது நியூயார்க்குக்குப் பக்கத்திலிருக்கும் நியூவர்க்கிற்கு. கென்னடிக்கு 2020-இல்தான்.

பதினெட்டரை மணி நேரம். இதே நினைப்புதான் சுற்றிச் சுற்றி வருகிறது. அதற்குள் ஏதாவது ஆகிவிட்டால் அவன் வானத்தில் இருப்பான். விமானத்தில் வைஃபை உண்டாம். நான் செய்தி அனுப்ப வேண்டுமா, வேண்டாமா?

நவம்பர் 15

அனுப்ப மாட்டேன். இறங்கியதும் நேரில்.

நவம்பர் 16

அப்பா எழுந்து உட்கார்ந்தார்! காப்பி கேட்டார். நர்ஸம்மா அரை டம்ளர் கொடுக்கச் சொன்னார். நூலைக் கொண்டுபோய் உள்ளங்கையில் வைத்தேன். "இவ்வளவுதான்பா." விரலில் சுற்றிக்கொண்டார்.

நவம்பர் 17

காலை பதினொன்றரைக்குக் கிளம்பிவிட்டது. அங்கே நேற்று இரவு பத்தரை.

இரவு 9 மணி. ஒன்பதரை மணி நேரம் ஆகிவிட்டது, பாதிக்கு மேல். போனில் அந்தச் சின்ன விமானம் துருவப் பக்கமே போகவில்லை, கிழக்கே திரும்பிவிட்டது. காற்றைப் பார்த்துப் பாதையை மாற்றுவார்களாம். அப்படியானால் என் 15,318 தப்பு, இன்னும் கூடும்.

அப்பா கேட்கவில்லை இன்று. மாலையிலிருந்து தூங்குகிறார். நூல் விரலிலேயே இருக்கிறது.

நவம்பர் 18, அதிகாலை 3.40

இன்னும் இரண்டே கால் மணி